‘பிபி சப்போர்ட்’ என்று டாக்டர் சொல்லும் மருந்து: நார்அட்ரினலின் உடலிலும் மருத்துவத்திலும்

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரிடம் டாக்டர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “பிபி சப்போர்ட்ல வெச்சிருக்கோம்.” பலர் அதை வென்டிலேட்டர் மாதிரி இன்னொரு கருவி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது சிரிஞ்ச் பம்பிலிருந்து மணிக்குச் சில மில்லி வீதம் ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கும் ஒரு மருந்து. பெரும்பாலும் அந்த மருந்தின் பெயர் நார்அட்ரினலின். நார்எபிநெஃப்ரின் என்று எழுதியிருந்தாலும் அதேதான். உள்ளே படுத்திருப்பவரின் உடல் அந்தப் பொருளைப் பிறந்த நாளிலிருந்து தானே தயாரித்து வந்திருக்கிறது. இப்போது அது போதவில்லை, அதனால் வெளியிலிருந்து கொடுக்கிறார்கள்.

‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்றுதான் இதை எல்லோரும் அறிமுகப்படுத்துகிறார்கள். பயந்தால் சுரக்கும், கோபம் வந்தால் சுரக்கும், புலியைப் பார்த்தால் ஓடவைக்கும். தவறில்லை. ஆனால் இப்படி மட்டுமே கேட்டுப் பழகியவர்கள், இது குறைந்தால் நல்லது என்ற முடிவுக்கு எளிதாக வந்துவிடுகிறார்கள். நார்அட்ரினலினின் முதன்மையான வேலை நெருக்கடி நேரத்துக்கானதே இல்லை என்பது என் கருத்து. நாம் எழுந்து நிற்பதற்கே அது வேண்டும்.

படுத்திருக்கும் ஒருவர் எழுந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நின்ற சில நொடிகளில் அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை ரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, அது வெளியே தள்ளும் ரத்தமும் குறைகிறது. அப்படியே விட்டால் மூளைக்கு ரத்தம் எட்டாமல் ஆள் மயங்கி விழவேண்டியதுதான். கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்தை ஒட்டியுள்ள மகாதமனியின் வளைவிலும் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கும் செய்தி அங்கிருந்து மூளைத்தண்டுக்குப் போகிறது. அங்கிருந்து பரிவு நரம்புகள் (நாம் நினைக்காமலே தானாக இயங்கும் நரம்புகள்) வழியே கட்டளை கிளம்புகிறது. ரத்தக்குழாய்ச் சுவர்களில் போய் முடியும் அந்த நரம்புகளின் நுனி நார்அட்ரினலினை வெளியிட, குழாய்கள் இறுகுகின்றன, இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. நின்ற ஐந்து நிமிடத்துக்குள் ரத்தத்தில் நார்அட்ரினலின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். இவ்வளவும் நடந்தது நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

இது இல்லாமலே பிறந்தவர்களும் இருக்கிறார்கள். டோபமினை நார்அட்ரினலினாக மாற்றும் டோபமின் பீட்டா ஹைட்ராக்ஸிலேஸ் என்ற நொதி, மரபணுக் கோளாறால் இவர்களிடம் வேலை செய்வதில்லை. மிக மிக அரிதான நோய், 1980-களின் பிற்பகுதியில்தான் மருத்துவ இதழ்களில் விவரிக்கப்பட்டது. இவர்களால் யோசிக்க முடியும், படிக்க முடியும், பேச முடியும். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. நின்றால் அழுத்தம் சரிந்து கண் இருட்டிவிடும். இமைகளும் சற்றுத் தொங்கியிருக்கும். ட்ராக்ஸிடோபா என்ற மருந்தைக் கொடுத்தால், பழுதான அந்த நொதியின் உதவி இல்லாமலே அது உடலுக்குள் நார்அட்ரினலினாக மாறிவிடுகிறது. அவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இந்தப் பொருள் எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அரிய நோயை விடுங்கள். நம் வீடுகளில் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிவு நரம்புகளே கெட்டுப்போகலாம். கால் எரிச்சலைப் பற்றி டாக்டரிடம் சொல்பவர்கள், எழுந்தால் தலை சுற்றுவதை வயசு என்று விட்டுவிடுகிறார்கள். ப்ராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் போன்ற மாத்திரை எடுக்கும் பெரியவர்களுக்கும் இது வரலாம். நார்அட்ரினலின் போய் ஒட்டவேண்டிய ஆல்ஃபா-1 ஏற்பிகளை மறிப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. சிறுநீர்ப் பாதை தளர்வதற்காகக் கொடுக்கிறார்கள், ரத்தக்குழாயும் கொஞ்சம் தளர்ந்துவிடும். நள்ளிரவில் பாத்ரூம் போக எழுந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து வரும் பெரியவர்களில் சிலருக்காவது காரணம் இதுவாக இருக்கும். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 குறைந்தால் அது கவனிக்கவேண்டிய குறை. இதைக் கண்டுபிடிக்கப் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிபி பார்த்தால் போதும். வீட்டுப் பெரியவருக்கு நிற்கவைத்தும் பிபி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அப்பாவாக இருந்தாலும் சரி, மாமனாராக இருந்தாலும் சரி. கேட்டால் பார்ப்பார்கள்.

அட்ரினலினும் இதுவும் ஒன்றா என்ற கேள்வி வரும். நெருங்கிய உறவு. டைரோசின் என்ற அமினோ அமிலம் டோபாவாகி, டோபா டோபமினாகி, டோபமின் நார்அட்ரினலினாகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் இன்னொரு படி போய் அது அட்ரினலினாகிறது. அந்தச் சுரப்பியின் மையப்பகுதி சுரப்பதில் ஐந்தில் நான்கு பங்கு அட்ரினலின்தான். நார்அட்ரினலின் பெரும்பாலும் நரம்பு நுனிகளிலிருந்து வருகிறது. செயலிலும் வேறுபாடு உண்டு. நார்அட்ரினலின் ஆல்ஃபா ஏற்பிகளில் வலுவாகவும், இதயத்திலுள்ள பீட்டா-1 ஏற்பிகளில் ஓரளவும் வேலை செய்யும். மூச்சுக்குழாயை விரிக்கும் பீட்டா-2 ஏற்பிகளை அது அவ்வளவாகத் தொடாது, அட்ரினலின் தொடும். கடும் ஒவ்வாமையில் தொண்டை அடைத்து மூச்சு திணறுபவருக்குத் தொடையில் அட்ரினலின் ஊசி போடுவதும், கிருமித் தொற்றால் அழுத்தம் இறங்கியவருக்கு நார்அட்ரினலின் ஏற்றுவதும் இதனால்தான்.

இந்த வேறுபாடு புரிய விஞ்ஞானத்துக்கு நெடுங்காலம் பிடித்தது. அட்ரினலினை 1901-லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். பரிவு நரம்புகள் வெளியிடுவதும் அதுவே என்று பலர் நம்பினார்கள். 1910-ல் லண்டனில் ஹென்றி டேலும் ஜார்ஜ் பார்ஜரும் பல சேர்மங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நரம்பைத் தூண்டினால் கிடைக்கும் விளைவோடு அட்ரினலினைவிட அதன் நெருங்கிய உறவான இன்னொரு சேர்மம் நன்றாகப் பொருந்துவதைக் கண்டார்கள். ஆனால் அது உடலில் இருப்பதாக அப்போது யாருக்கும் தெரியாது, அதனால் விஷயம் அங்கேயே நின்றது. ஸ்டாக்ஹோமில் உல்ஃப் வான் ஆய்லர், மாடுகளின் மண்ணீரல் நரம்புகளிலிருந்து எடுத்த சாற்றில் நார்அட்ரினலின்தான் இருக்கிறது என்று காட்டியது 1946-ல். இடையில் முப்பத்தாறு ஆண்டுகள். வெளியான நார்அட்ரினலினில் பெரும்பகுதியை அதே நரம்பு நுனி திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது என்பதை அமெரிக்காவில் ஜூலியஸ் ஆக்சல்ராட் கண்டுபிடித்தார். இருவருக்கும், நரம்பு நுனி எப்படி வேதிப்பொருளை வெளியிடுகிறது என்று ஆராய்ந்த பெர்னார்ட் காட்ஸுக்கும் சேர்த்து 1970-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்தக் கதையில் இந்தியாவுக்கு ஒரு பெரிய பங்கு உண்டு. அதைப் போதுமான அளவு நாம் பேசுவதில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைப் பாம்புக்கடிக்கும் புத்தி பேதலிப்புக்கும் நாட்டு வைத்தியத்தில் பயன்படுத்தி வந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், வன்முறையோடு கூடிய மனநோயையும் உயர் ரத்த அழுத்தத்தையும் இந்த வேர் தணிக்கிறது என்று கட்டுரை எழுதினார்கள். இந்திய இதழில் வந்ததால் வெளிநாட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜல் வகீல், தன் ரத்த அழுத்த நோயாளிகளிடம் கண்ட பலனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. மூன்றே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

ரெசர்பின் என்ன செய்கிறது? நார்அட்ரினலின் நரம்பு நுனியில் நுண்ணிய பைகளில் சேமித்து வைக்கப்படுகிறது. அந்தப் பைகளுக்குள் அது நுழையும் வழியை ரெசர்பின் அடைத்துவிடுகிறது. வெளியே நிற்கும் நார்அட்ரினலினை நொதிகள் சிதைத்துவிட, கையிருப்பு தீர்ந்துபோகிறது. கட்டளை வந்தாலும் நரம்பிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. ரத்தக்குழாய் தளர்கிறது, பிபி இறங்குகிறது. இதே மருந்து எடுத்தவர்களில் சிலர் சோர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் மனச்சோர்வில் விழுவதாக மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியானதா என்று பிற்காலத்தில் கேள்வி எழுந்தது. ஆனாலும் அன்றைக்கு அது ஒரு பெரிய யோசனையைக் கிளப்பிவிட்டது. மூளையில் நார்அட்ரினலின் குறைவதுதான் மனச்சோர்வா? 1965-ல் ஜோசப் ஷில்ட்க்ராட் அதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார். இன்றைக்கு அதை அப்படியே யாரும் ஏற்பதில்லை. மனச்சோர்வு ஒரே ஒரு வேதிப்பொருளின் பற்றாக்குறை என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அந்த யோசனை வீணாகவும் போகவில்லை, அது திறந்துவிட்ட பாதையில் வந்த மருந்துகள் இன்றும் லட்சக்கணக்கானோருக்கு உதவுகின்றன.

மூளைக்குள் நார்அட்ரினலினின் இருப்பிடம் வியப்பானது. மூளைத்தண்டில் லோகஸ் செருலியஸ் என்ற சிறு நீலப் புள்ளி இருக்கிறது. மூளையின் மொத்த நரம்பணுக்கள் சுமார் 8,600 கோடி என்றால், அந்தப் புள்ளியில் இருப்பவை சில பத்தாயிரம் மட்டுமே. அவற்றின் கிளைகள் பெருமூளை, சிறுமூளை, தண்டுவடம் என்று கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் போகின்றன. விழித்திருப்பதும் கவனம் திரும்புவதும் இவற்றின் துடிப்போடு சேர்ந்தவை. ஆழ்ந்து கனவு காணும் தூக்கத்தில் இவை அடங்கிவிடுகின்றன. தண்டுவடத்துக்கு இறங்கும் கிளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கீழிருந்து வரும் வலிச் செய்தியை அங்கேயே தணிப்பது. சர்க்கரை நோயில் வரும் பாத எரிச்சலுக்கு டூலாக்ஸெட்டின் எழுதிக்கொடுப்பது இதனால்தான். நார்அட்ரினலினும் செரட்டோனினும் திரும்ப உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது. மாத்திரை அட்டையை இணையத்தில் தேடிப் பார்த்து, “இது மனநோய் மாத்திரையாமே, எனக்கெதுக்கு?” என்று நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாராவது உட்கார்ந்து இதை விளக்கியிருக்க வேண்டும்.

சரி, ஐசியூவுக்கு வருவோம்.

செப்டிக் ஷாக் என்பது கிருமித் தொற்று தீவிரமாகி, உடலின் எதிர்வினையே உடலுக்குக் கேடாகத் திரும்பும் நிலை. நைட்ரிக் ஆக்ஸைடு போன்ற பொருள்கள் அளவுக்கு மீறி உருவாகி ரத்தக்குழாய்களைத் தளர்த்திவிடும். நுண்குழாய்களிலிருந்து நீர் கசியும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பைப்பில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் எதிலும் தண்ணீர் வேகமாக வராது அல்லவா, அந்த நிலை. முதலில் சிரை (ரத்தநாளம்) வழியாக உப்புநீர் ஏற்றுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்பது தொடக்கக் கணக்கு. அதிலும் அழுத்தம் நிற்காவிட்டால் முதலில் எடுக்கவேண்டிய மருந்து நார்அட்ரினலின் என்கின்றன 2021-ன் சர்வதேச செப்சிஸ் வழிகாட்டு நெறிகள். இலக்கு, சராசரித் தமனி அழுத்தம் 65. அதாவது, மானிட்டரில் 90/53 என்று காட்டினால் சராசரி ஏறத்தாழ 65 ஆகிறது. 120/80 வரவில்லையே என்று பதறத் தேவையில்லை, டாக்டர்கள் அதைக் குறிவைக்கவே இல்லை.

அளவு மிகச் சிறியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நிமிடத்துக்கு 3 முதல் 6 மைக்ரோகிராமில் தொடங்குவார்கள். 4 மில்லிகிராம் மருந்து அந்த வேகத்தில் ஏறத்தாழ 11 முதல் 22 மணி நேரம் வரும். ரத்தத்தில் அதன் ஆயுளோ குறைவு. இரண்டு மூன்று நிமிடத்தில் பாதி போய்விடும். பம்ப் நின்றால் சில நிமிடங்களில் அழுத்தம் சரியும். அதனால்தான் ஒரு சிரிஞ்ச் தீர்வதற்கு முன்பே செவிலியர்கள் அடுத்ததைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அந்த மாற்றும் வேலையில் அவர்கள் காட்டும் கவனத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு உயிர் அந்தச் சில நொடிகளில் அவர்கள் கையில் இருக்கிறது.

இன்றைய முதல் மருந்து ஒரு காலத்தில் கடைசி மருந்தாக இருந்தது. ரத்தக்குழாய்களை இறுக்கி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம். வேறு எதுவும் பலிக்காத நிலையில் மட்டும் கொடுத்தார்கள், அந்த நிலையில் பலர் இறந்தார்கள், பழி மருந்தின் மேல் விழுந்தது. அமெரிக்காவில் லெவோஃபெட் என்ற அதன் வணிகப் பெயரைச் சாவோடு எதுகை சேர்த்து மருத்துவர்களிடையே ஒரு வாசகமே புழங்கியது. அதற்குப் பதில் டோபமினைத்தான் விரும்பினார்கள். குறைந்த அளவு டோபமின் சிறுநீரகத்தைக் காக்கும் என்ற நம்பிக்கையும் கூட இருந்தது. 2000-ல் ஆஸ்திரேலிய-நியூசிலாந்து ஆய்வொன்று அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை என்று காட்டியது. 2010-ல் 1,679 ஷாக் நோயாளிகளிடம் இரண்டு மருந்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். 28 நாள் இறப்பில் உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் இதயத்துடிப்புச் சீர்கேடு டோபமின் பெற்றவர்களில் 24.1 சதவீதம், நார்அட்ரினலின் பெற்றவர்களில் 12.4 சதவீதம். அதோடு போக்கு திரும்பிவிட்டது. சிறுநீரகத்தைப் பற்றிய பயமும் தலைகீழாயிற்று. அழுத்தமே இல்லாத சிறுநீரகத்தால் வடிகட்ட முடியாது. அழுத்தம் வந்ததும் சிறுநீர் பிரியத் தொடங்குவதைப் பலரிடம் பார்க்கலாம்.

மருந்து கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2011-ல் அமெரிக்காவில் நார்அட்ரினலினுக்குத் தட்டுப்பாடு வந்தது. பாதிக்கப்பட்ட மருத்துவமனைகள் பெரும்பாலும் ரத்தக்குழாயை இறுக்கும் இன்னொரு மருந்தான ஃபினைலெஃப்ரினுக்கு மாறின. அந்த மருத்துவமனைகளின் செப்டிக் ஷாக் நோயாளிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, மருந்து இருந்த காலத்தில் 35.9 சதவீதமாக இருந்த இறப்பு, தட்டுப்பாட்டுக் காலத்தில் 39.6 சதவீதமாக இருந்தது. இப்படிப்பட்ட ஆய்வால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பல பத்தாண்டுகளாக இருக்கும், காப்புரிமை எப்போதோ முடிந்த ஒரு பழைய மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்பதுகூட உயிர்ப் பிரச்சினை என்பதை அந்த எண்கள் உணர்த்துகின்றன.

இந்த மருந்துக்கு விலையும் உண்டு, அதையும் குடும்பத்தார் தெரிந்திருப்பது நல்லது. ஊசி சிரையைவிட்டு விலகி மருந்து சதைக்குள் கசிந்தால், அந்த இடத்து ரத்தக்குழாய்கள் இறுகி சதை அழுகிவிடலாம். அதற்கு ஃபென்டோலமின் என்ற முறிவு ஊசியைச் சுற்றிலும் போடுவார்கள். கழுத்திலோ மார்பிலோ பெரிய சிரையில் சென்ட்ரல் லைன் என்ற குழாய் போடுவது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். இப்போதெல்லாம் நேரத்தை வீணாக்காமல் கைச் சிரையிலேயே தொடங்கிவிட்டு, அப்புறம் சென்ட்ரல் லைனுக்கு மாற்றுவதும் ஏற்கப்பட்ட முறை. கடும் ஷாக்கில் அதிக அளவு மருந்து ஓடும் நாட்களில் விரல் நுனிகள் கறுத்துப்போவதும் உண்டு. பார்ப்பவர்களுக்கு நெஞ்சு பதறும், யாரோ தவறு செய்துவிட்டதாகத் தோன்றும். நோயும் மருந்தும் சேர்ந்து செய்யும் வேலை அது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போவதற்காக உடல் விரல்களை விட்டுக்கொடுக்கிறது. இதை முன்கூட்டியே சொல்லும் டாக்டர் நல்ல டாக்டர்.

“டோஸ் ஏறுதா, இறங்குதா?” ஐசியூ டாக்டரிடம் குடும்பத்தார் கேட்கக்கூடிய பயனுள்ள கேள்வி இது என்று நினைக்கிறேன். பிபி எண் மட்டும் நிலைமையைச் சொல்லாது. அதே 65-ஐ நேற்றைவிடக் குறைந்த மருந்தில் எட்டினால் முன்னேற்றம், கூடுதல் மருந்தில் எட்டினால் கவலைக்குரியது. கிருமியை ஒழிப்பது ஆன்டிபயாடிக்கின் வேலை, நார்அட்ரினலின் அதுவரை நேரம் வாங்கிக் கொடுக்கிறது.

மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் உயிர் காக்கும் இதே பொருள் ஆண்டுக்கணக்கில் இதயத்தைக் கெடுக்கும். இதயம் பலவீனமானால் அழுத்தத்தைத் தக்கவைக்க உடல் நார்அட்ரினலினைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே போகிறது. களைத்த இதயம் மேலும் வேகமாக, மேலும் இறுகிய குழாய்களை எதிர்த்து வேலை செய்ய நேர்கிறது. இதயத் தசையணுக்கள் சாகின்றன. ரத்தத்தில் நார்அட்ரினலின் அதிகமுள்ள இதயச் செயலிழப்பு நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று 1984-ல் ஜே கோனும் குழுவினரும் காட்டினார்கள். அதற்கு முன்பே, 1975-ல், ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டீன் குழுவினர் இத்தகைய நோயாளிகள் ஏழு பேருக்கு, பீட்டா ஏற்பிகளை மறிக்கும் மருந்தான பீட்டா பிளாக்கர் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அன்றைய பாடநூல்படி அது செய்யவே கூடாத காரியம், பலவீனமான இதயத்தை மேலும் அடக்குவது என்றே எல்லோரும் கருதினார்கள். நோயாளிகள் தேறினார்கள். உலகம் நம்ப இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1999-ல் பிஸோப்ரோலால், மெட்டோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர்களை வைத்து நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டின.

அப்படியானால் நார்அட்ரினலினையே சுரக்கவிடாமல் செய்தால் இன்னும் நல்லதா? அதையும் செய்து பார்த்தார்கள். மூளையிலிருந்து வரும் கட்டளையையே குறைக்கும் மாக்ஸோனிடினை இதயச் செயலிழப்பில் கொடுத்த ஆய்வில் அதிகம் பேர் இறந்ததால் பாதியிலேயே நிறுத்தவேண்டியதாயிற்று. பீட்டா பிளாக்கர் இதயத்தின் ஏற்பிகளை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூடுகிறது, அவசரத்துக்குத் திறக்க இடம் விட்டு. சுரப்பையே துண்டித்தால் அந்த இடம் இருக்காது. டாக்டர்கள் பீட்டா பிளாக்கரை மிகக் குறைந்த அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கூட்டுவதும் இதே காரணத்தால்தான். முதல் சில வாரங்களில் களைப்பு கூடுவதுபோல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நிறுத்துவது பற்றி முக்கியமான ஒன்று. பீட்டா பிளாக்கர் நெடுநாள் எடுத்தவரின் இதயம், மூடிய ஏற்பிகளுக்கு ஈடாகக் கூடுதல் ஏற்பிகளை உருவாக்கி வைத்திருக்கும். மாத்திரை திடீரென்று நின்றால், வழக்கமாகச் சுரக்கும் நார்அட்ரினலினே அந்த இதயத்துக்கு அதிகமாகிவிடும். படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்புவரை போகலாம். குளோனிடின் என்ற பிபி மருந்து எடுப்பவர்களுக்கும் திடீரென நிறுத்தினால் பிபி எகிறும். ஊருக்குப் போகும்போது மாத்திரை டப்பாவை மறந்துவிட்டால், திரும்பி வரும்வரை சமாளித்துக்கொள்ளலாம் என்று விடாமல், பழைய சீட்டைக் காட்டி அந்த ஊர் மருந்துக் கடையிலேயே சில நாட்களுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு கையில் இல்லையென்றால் அதன் படத்தைப் போனில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.